முற்றத்தில் வைத்து டயர் மாற்றினேன்

என் ஸ்பிளெண்டர் பைக்கின் பின் ஆக்ஸிலை, அதாவது வீலின் நடுவே ஓடுகிற தண்டை, கையில் எடுத்துப் பார்த்த அன்றுதான் இனி இந்த வேலையை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். ஆக்ஸிலின் மரை முனை காளான் குடை மாதிரி விரிந்து கிடந்தது. எப்போதோ ஒரு பஞ்சர் கடையில், நட்டைக் கழற்றியதும் வெறும் முனையிலேயே சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். விரிந்த முனை புஷ்ஷுக்குள் நுழையாமல் முரண்டு பிடித்தது. அரம் வைத்துத் தேய்த்துத்தான் அதை உருவ முடிந்தது. கடைசியில் ஆக்ஸிலையும் நட்டையும் புதிதாக வாங்கிப் போட்டேன்.

வண்டி 2008 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். அப்பா வாங்கியது. டேங்கில் இன்னும் ஹீரோ ஹோண்டா என்றுதான் இருக்கும். கம்பி வீல், டியூப் டயர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். எங்கள் ஊர் கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டி இருக்கிறது. சீமைக்கருவேல முள் கிடக்காத வண்டிப்பாதை இந்தப் பக்கத்தில் கிடையாது. பஞ்சர் கடைக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வீலைக் கழற்றத் தெரிந்தால் வீலை மட்டும் பஸ்ஸிலோ, தம்பி வண்டியிலோ கொண்டு போய்விடலாம். டயரையும் மாற்றத் தெரிந்தால் அதுவும் வேண்டாம். இப்படித்தான் ஆரம்பித்தேன். நான்கு வருடத்தில் பின் டயர் இரண்டு தடவை, முன் டயர் ஒரு தடவை, பஞ்சருக்காகக் கழற்றியது கணக்கில் இல்லாத தடவை. இதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

டயர் வாங்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் வண்டிக்கு முன்னும் பின்னும் 2.75-18 தான். 2.75 என்பது அகலம், 18 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். அளவு ஒன்றுதானே என்று ஏதோ ஒன்றை வாங்கிவரக் கூடாது. பக்கச் சுவரில் முன் டயருக்கு 4 பி.ஆர். 42பி என்றும், பின் டயருக்கு 6 பி.ஆர். 48பி என்றும் இருக்கும். பி.ஆர். என்பது பிளை ரேட்டிங், டயரின் பலத்துக்கான குறி. 42 என்றால் அந்த டயர் 150 கிலோ வரை தாங்கும். 48 என்றால் 180 கிலோ. கடைசியில் வரும் பி, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துக்கான குறி. பின் சீட்டில் ஆளும், மடியில் அரிசிச் சிப்பமும் ஏறுகிற வண்டிக்கு முன் டயரைப் பின்னால் போடுவது ஆபத்து. அப்புறம், பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1423 என்றால் 2023-ஆம் வருடத்தின் 14-வது வாரத்தில் செய்தது. கடை வாசலில் வெயிலில் மாதக்கணக்கில் தொங்கிய டயரை வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியிலேயே டயர் ஆலை இருக்கிறது. எம்.ஆர்.எஃப். ஆரம்பித்ததே 1946-ல் திருவொற்றியூரில், பொம்மை பலூன் செய்கிற ஒரு கொட்டகையில்தான். இவ்வளவு பக்கத்தில் செய்கிற பொருளைப் புதிதாகவே கேட்டு வாங்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பேன்.

புது டயர் போடும்போது புது டியூப். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய டியூப் பழைய டயருக்குள் இருந்து நீண்டு பழகியிருக்கும். அதைப் புது டயருக்குள் போட்டால் எங்காவது மடிந்து, அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும். கூடவே, கம்பி முனைகள் டியூபைக் குத்தாமல் ரிம்மின் மேல் சுற்றுகிற ரிம் டேப் ஒன்றும், நட்டு கழலாமல் தடுக்கிற ஸ்பிளிட் பின் இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிளிட் பின் சில்லறைக் காசுப் பொருள். ஆனால் இந்த வேலை முழுவதிலும் உயிர் சம்பந்தப்பட்ட பொருள் அதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கருவிகளைப் பொறுத்தவரை, நட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற ரிங் ஸ்பேனர்கள், முனை மழுங்கிய டயர் லிவர் மூன்று, வால்வு பின் கழற்றும் சாவி, ரப்பர் சுத்தியல், மரக்கட்டைகள், காற்று அளக்கும் கேஜ், கால் பம்பு ஆகியவை போதும். திருப்புளியை லிவராகப் பயன்படுத்தாதீர்கள். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன், புது டியூப் ஒன்று அன்றே போனது.

வண்டியைச் சிமெண்ட் தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் அகலமான பலகை வேண்டும். நடு வேலையில் ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கினால் வண்டி ஆள் மேல் சாயும். பெரிய நட்டுகளை இளக்குகிற வேலையை, வண்டி அசையாமல் நிற்கிறதா என்று பின்னால் ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுடையது. "ஆட்டாதடா, மெதுவா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டார். அதுவே போதுமான எச்சரிக்கை.

பின் வீலில் முதலில் பிரேக் ராடின் முனையில் இருக்கிற நட்டு. அதை முழுதாகக் கழற்றி, பிரேக் பெடலை மிதித்தால் ராடு கையோடு வந்துவிடும். வந்ததும் அந்தச் சின்ன உருளைப் பின்னையும் ஸ்பிரிங்கையும் ராடிலேயே திரும்பக் கோர்த்து, நட்டையும் இரண்டு சுற்று ஏற்றி வையுங்கள். தரையில் வைத்தால் தேடித்தான் எடுக்க வேண்டும். அடுத்தது, பிரேக் தட்டையும் (டிரம்மை மூடி, பிரேக் ஷூக்களைத் தாங்குகிற தட்டு) ஸ்விங் ஆர்மையும் (பின் வீலைத் தாங்குகிற சட்டம்) இணைக்கிற பட்டைக் கம்பி. அதன் நட்டில் ஸ்பிளிட் பின் இருக்கும். அதை நிமிர்த்தி இழுத்துத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மறுபடி உபயோகிக்க வேண்டாம்.

செயின் பக்கத்தில் இரண்டு நட்டு ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். வெளியே இருக்கிற சிறியது ஆக்ஸில் நட்டு. அதற்கு உள்ளே இருக்கிற பெரியது ஸ்லீவ் நட்டு. பெரியதைத் தொடவே கூடாது. பல் சக்கரத்தையும் செயினையும் ஸ்விங் ஆர்மில் தாங்கி நிற்பது அதுதான். அதை விட்டுவைத்தால் செயின், செயின் கவர் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்க, வீல் மட்டும் தனியாகக் கழன்று வரும். முதல் தடவை தெரியாமல் இரண்டையும் இளக்கிவிட்டேன். செயின் தொய்ந்து தொங்கியது. பிறகு இரண்டு பக்கக் குறிகளையும் சமமாக வைத்து, செயின் இறுக்கம் பார்த்து முடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது. செயின் இறுக்கத்தை வைக்கிற அட்ஜஸ்டர் நட்டுகளையும் தொடாமல் விட்டால் வீல் திரும்ப ஏறும்போது பழைய இடத்திலேயே நேராக நிற்கும்.

ஆக்ஸிலைத் தட்டுவதில்தான் என் பழைய ஆக்ஸில் பாழானது. நட்டை முழுதாகக் கழற்றாமல், அதன் முகம் ஆக்ஸில் முனைக்குச் சமமாக வருகிற வரை இளக்குங்கள். அதன் மேல் ஒரு மரத்துண்டை வைத்து, மரத்தின் மேல் தட்டுங்கள். அசைந்து கொடுத்ததும் நட்டைக் கழற்றிவிட்டு எதிர்ப் பக்கத்திலிருந்து திருகித் திருகி இழுத்தால் உருவிவரும். ஒரு கையால் வீலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் பாரம் ஆக்ஸிலில் விழாது, சுலபமாக வரும். மழைக்காலம் முழுக்க ஓடிய வண்டி என்றால் முந்தின நாள் ராத்திரியே இரண்டு முனையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள்.

ஆக்ஸில் வந்ததும் ஸ்பேசர், அதாவது இடைவெளிக்காகப் போட்டிருக்கிற குட்டிக் குழாய், கீழே விழும். அது எந்தப் பக்கம், எந்த முகம் உள்ளே என்று பார்த்து, ஆக்ஸிலிலேயே அதே வரிசையில் கோர்த்து வையுங்கள். நான் கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய பேப்பரில் வரிசையாக அடுக்கி ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்வேன். பிறகு வீலை பிரேக் பக்கமாக இழுத்தால், வீலையும் பல் சக்கரத்தையும் இணைக்கிற கப்ளிங் ரப்பர் இருக்கிற இடத்தில் விடுபட்டுத் தனியாகிவிடும். மட்கார்டு தடுக்கும். வண்டியை இன்னொருவர் எதிர்ப் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் வீல் உருண்டு வெளியே வரும்.

இப்போது வேலையின் கஷ்டமான பாதி. வால்வு பின்னைக் கழற்றி, காற்று முழுவதும் போனதும், வால்வின் கழுத்து நட்டையும் எடுங்கள். வீலை வெறுந்தரையில் போடாமல் பழைய டயர் ஒன்றின் மேல் படுக்கப் போட்டால் ஹப்பும் ரிம்மும் அடிபடாது. டயரின் ஓரம் ரிம்மோடு ஒட்டிப்போயிருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஓரத்தில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று சுற்றிச் சுற்றி மிதித்தால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் ஊன்றி, அந்தப் பைக்கை அதன் மேல் மெல்லச் சாய்க்கலாம். பிடிவாதமான டயரும் அதற்கு மசியும். ஸ்டாண்டு ரிம் மேலோ கம்பி மேலோ ஊன்றாமல் ரப்பர் மேல் ஊன்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் லிவர் வேலை. முதல் தடவை இங்கேதான் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஒரு லிவரை நுழைத்து நெம்புவேன், இரண்டாவதை நுழைக்கும்போது முதலாவது எகிறும். பலத்தால்தான் வரும் என்று நினைத்து நீளமான திருப்புளியை எடுத்தேன். ரிம்மின் ஓரத்தில் விழுந்த அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. சாயங்காலம் வீலைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்கே போனேன். ஆக்ஸிலை அடித்த கடை இல்லை, இது வேறு. கடைக்கார அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். வீலைப் பார்த்தவர் லிவரைக் கையில் எடுக்கவே இல்லை. லிவர் இருக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் முழங்காலை வைத்து டயரை அழுத்தினார்.

"ரிம்மு நடுவுல குழி இருக்குல்லா தம்பி. எதுத்த பக்கத்த அந்தக் குழியில இறக்குங்க. இந்தப் பக்கம் தானா இளகும். பெலத்துக்கு இதுல என்ன வேல?"

அவ்வளவுதான். டயர் ஓரத்துக்குள் இருக்கிற கம்பி வளையம் நீளாது. ரிம்மின் விளிம்பை விட அந்த வளையம் சிறியது. ஆனால் ரிம்மின் நடுவில் இருக்கிற பள்ளம் விளிம்பை விட விட்டம் குறைந்தது. ஒரு பக்கம் வளையம் பள்ளத்தில் இறங்கினால், எதிர்ப் பக்கத்தில் அந்த அளவுக்கு இடம் கிடைக்கும். அந்த இடத்தில்தான் லிவர் வேலை செய்கிறது. லிவரை நெம்பக் கஷ்டமாக இருந்தால் அதற்கு அர்த்தம் எதிர்ப் பக்கம் பள்ளத்திலிருந்து ஏறிவிட்டது என்பதுதான். இன்னும் அழுத்தி நெம்பாமல், எதிர்ப் பக்கத்தை மறுபடி முழங்காலால் இறக்குங்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு, ஒரு டயரைக் கழற்ற எனக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை.

லிவரை ஒரு தடவைக்கு மூன்று விரல் அகலம்தான் நகர்த்த வேண்டும். பேராசைப்பட்டுத் தள்ளி நுழைத்தால் ரப்பர் கிழியும். ஒரு பக்க ஓரம் முழுவதும் வெளியே வந்ததும், வால்வை ரிம்மிலிருந்து உள்ளே தள்ளி டியூபை உருவலாம். அடுத்த ஓரத்தை லிவர் இல்லாமல்கூட ரிம்மை நிமிர்த்திப் பிடித்துத் தள்ளியே எடுத்துவிடலாம்.

டயர் இல்லாத வெறும் ரிம் கையில் இருக்கிற இந்த அரை மணி நேரம்தான், என்னைக் கேட்டால், வீட்டில் இந்த வேலையைச் செய்வதன் முழுப் பலன். கடையில் பின்னால் நாலு வண்டி நிற்கும்போது இதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள், பார்க்கச் சொல்லவும் முடியாது. பழைய ரிம் டேப்பை எடுத்ததும் கம்பி நட்டுகளைச் சுற்றி எனக்குத் துரு தெரிந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, துடைத்து, கொஞ்சம் பெயிண்ட் தொட்டுக் காயவிட்டேன். மூன்று கம்பிகளின் முனை நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. விரல் வைத்தால் குத்துகிற அளவு. அடிக்கடி டியூபின் உள்வட்டத்தில் பஞ்சர் ஆனதற்குக் காரணம் அதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அரத்தால் சமமாக்கினேன். அதன் பிறகு உள்வட்டத்தில் ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை.

ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று சொல்லும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் கால் சுற்று ஏற்றலாம். நிறைய இருந்தால் கோட்டம் எடுக்கிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். பேரிங்கின் உள் வளையத்தில் விரலை விட்டுச் சுற்றினால் வெண்ணெய் போலச் சுற்ற வேண்டும். மணல் அரைபடுகிற மாதிரி இருந்தால் மாற்றிவிடுங்கள். கப்ளிங் ரப்பர் நொறுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கியர் போடும்போது பின்னால் டக்கென்று இடிக்கிற வண்டிகளில் இதுதான் போயிருக்கும். பிரேக் டிரம்மில் சேர்ந்திருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். ஷூ மேல் கிரீஸ் பட்ட கை படக் கூடாது.

இது பஞ்சருக்காகக் கழற்றிய டயர் என்றால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. டயரின் உள்பக்கத்தை ஒரு பஞ்சுத் துணியால் சுற்றிலும் தடவுங்கள். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். கருவேல முள் வெளியே ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. துணி அதில் மாட்டும். ஒரு தடவை ஒரே டயரில் ஐந்து முள் நுனி எடுத்தேன். அந்த ஐந்தையும் விட்டுவிட்டு ஒட்டுப் போட்டிருந்தால் மறுநாளே மறுபடி வண்டியைத் தள்ளியிருப்பேன்.

புது டயரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதைப் பாருங்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வையுங்கள். டியூபில் கொஞ்சமே கொஞ்சம் காற்று அடியுங்கள், உருண்டு நிற்கிற அளவுக்கு மட்டும். மேலே முகப்பவுடர் தடவினால் டயருக்குள் ஒட்டாமல் வழுக்கி உட்காரும். முதல் ஓரத்தை ஏற்றி, டியூபை உள்ளே வைத்து, வால்வை ஓட்டை வழியே எடுத்துக் கழுத்து நட்டை நாலு மரை மட்டும் ஏற்றி விடுங்கள், இறுக்க வேண்டாம்.

இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு நேர் எதிரில் ஆரம்பித்து, இரண்டு பக்கமும் சமமாக வந்து, வால்வு இருக்கிற இடத்தில் முடிக்க வேண்டும். அப்போதுதான் ஆரம்பித்த பக்கம் பள்ளத்தில் இறங்கும். வால்வு இருக்கிற இடத்தில் டியூப் தடித்திருப்பதால் அங்கே பள்ளத்தில் இறங்காது, அதனால்தான் அங்கே முடிப்பது. கடைசி ஒரு சாண் வருகிறபோதுதான் எல்லோரும் டியூபைக் கடித்துவிடுவது. லிவரின் நுனி டியூபை ரிம்மோடு சேர்த்து நசுக்கினால் சத்தமே வராது. காற்று அடிக்கும்போதுதான் தெரியும். என் முதல் டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல், சின்ன நகம் அளவு. இப்போது ஒவ்வொரு முறையும் லிவரை நுழைத்ததும், நெம்புவதற்கு முன் வால்வை மேலே தள்ளி, விரலை விட்டு டியூப் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன். லிவரை நேராக நிமிர்த்துவதற்கு மேல் சாய்ப்பதில்லை. கடைசி நான்கு விரல் நீளத்தை லிவர் இல்லாமல், சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு கட்டை விரலாலும் தள்ளிவிடலாம். எதிர்ப் பக்கம் பள்ளத்தில் இருந்தால் போதும்.

காற்று அடிக்கும்போது டயரின் பக்கச் சுவரில், ரிம்முக்கு அருகில் சுற்றிலும் ஓடுகிற மெல்லிய கோட்டைக் கவனியுங்கள். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே இழுத்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. அப்படியே ஓட்டினால் வண்டி குதித்துக் குதித்துப் போகும். காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி அடித்தால் உட்காரும். டயரில் எழுதியிருக்கிற உச்ச அழுத்தத்தை மட்டும் தாண்டாதீர்கள்.

திரும்ப மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசைதான். அவசரப்படாமல் இருந்தால் போதும். கப்ளிங் ரப்பர்கள் பல் சக்கரத்தின் கட்டைகளோடு பொருந்துகிற வரை வீலை லேசாகச் சுற்றிச் சுற்றித் தள்ளுங்கள். ஆக்ஸிலைத் துடைத்து மெலிதாகக் கிரீஸ் தடவி நுழைத்துவிடுங்கள். நட்டைக் கையால் ஏற்றியதும், முழுதாக இறுக்குவதற்கு முன் பிரேக் பெடலை ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஷூக்கள் டிரம்மின் நடுவில் உட்காரும். அந்த நிலையிலேயே ஆக்ஸிலை இறுக்கினால் பிரேக் முன்பை விட நன்றாகப் பிடிக்கும்.

அப்புறம் அந்தப் பட்டைக் கம்பி. பிரேக் பிடிக்கும்போது டிரம் தன்னோடு சேர்த்துப் பிரேக் தட்டையும் சுற்றி இழுக்கப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் பிடித்திருப்பது இந்த ஒரு கம்பியும் ஒரு நட்டும்தான். நட்டு கழன்றால் தட்டு சுற்றி, பிரேக் ராடை முறுக்கி, ஓடுகிற வீல் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் சொன்னேன், புது ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு காலையும் விரித்து மடக்குங்கள் என்று. மடக்கிய பின் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். பிறகு பிரேக் ராடு நட்டை ஏற்றி, பெடல் 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா போய்ப் பிறகு பிடிக்கிற மாதிரி வையுங்கள்.

முன் வீல் இதை விடச் சுலபம், ஆனால் எனக்கு உடம்பு நடுங்கியது முன் வீலில்தான். முன் வீலைத் தூக்க இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுக்க வேண்டும். செங்கல் வேண்டாம், நொறுங்கும். பிரேக் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், ஆக்ஸில், அவ்வளவுதான். மாட்டும்போது, பிரேக் தட்டில் இருக்கிற வெட்டுக்குள் ஃபோர்க் காலில் இருக்கிற சின்ன மேடு உட்கார வேண்டும். பின்னால் பட்டைக் கம்பி செய்கிற அதே வேலையை முன்னால் செய்வது அந்த மேடுதான். நான் ஆக்ஸிலை இறுக்கிவிட்டேன், வீலும் நன்றாகச் சுற்றியது. முற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்தேன். டக் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் தட்டு அரை அங்குலம் சுற்றியிருக்கிறது, கேபிள் வளைந்து இழுத்துக்கொண்டு நிற்கிறது. மேடு வெட்டுக்கு வெளியே இருந்தது. மெயின் ரோட்டில் அறுபதில் போகும்போது அந்தப் பிரேக்கைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து முன் வீல் மாட்டியதும் டார்ச் அடித்து அந்த வெட்டைக் கண்ணால் பார்க்காமல் ஆக்ஸில் நட்டை இறுக்குவதில்லை.

டிஸ்க் பிரேக் வண்டிக்கும் முறை இதுதான். வீல் வெளியே இருக்கும்போது பிரேக் லிவரை மட்டும் தொடக் கூடாது, பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மடித்த அட்டைத் துண்டு ஒன்றை இடையில் சொருகிவிடுங்கள். அலாய் வீல், டியூப்லெஸ் டயர் என்றால் என் யோசனை வேறு. வீலைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, டயர் மாற்ற மிஷின் இருக்கிற கடைக்குக் கொண்டு போங்கள். லிவர் பட்டு அலாய் விளிம்பு கீறினால் அங்கே காற்று கசியும். கம்பி வீல் மாதிரி அது மன்னிக்காது. மாமா பையனின் பல்சருக்கு அப்படித்தான் செய்தோம்.

கடைசியாகப் பின் டயர் மாற்றியது போன ஆவணியில். கால் பம்பில் பாதி அடித்து, மீதிக்கு அண்ணாச்சி கடைக்குப் போனேன். என் வண்டிக்கு முன்னால் 25, தனியாக ஓட்டினால் பின்னால் 28 பி.எஸ்.ஐ. அண்ணாச்சி காற்று வைத்துவிட்டு, ரிம்முக்கு அருகில் ஓடுகிற அந்த மெல்லிய கோட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து பட்டைக் கம்பியைக் கையால் ஆட்டினார்.

"பின்னு புதுசா போட்டியளா?"

"புதுசுதான் அண்ணாச்சி."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து, காற்றுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புது டயர் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை வழுக்கும், அது வரை வளைவில் சாய்க்காமல் ஓட்ட வேண்டும். மறுநாள் காலையில் கழுகுமலை வரை மெதுவாகப் போய்த் திரும்பினேன். வந்ததும் வண்டி ஆறட்டும் என்று விட்டு, ஸ்பேனரோடு உட்கார்ந்து எல்லா நட்டையும் மறுபடி பார்த்தேன். ஆக்ஸில் நட்டு அசையவில்லை. ஸ்பிளிட் பின் மடக்கியபடியே இருந்தது. பிரேக் ராடு நட்டை மட்டும் இரண்டு சுற்று ஏற்ற வேண்டியிருந்தது.